தாமதமாகப் புறப்பட்ட கைவண்டிக் குழு: ஃபுளோரன்ஸ், 1856

அமெரிக்க மேற்கு எல்லைக் குடியேற்றம் என்றதும் பலருக்குத் துப்பாக்கிச் சண்டைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பாதைகளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள். இங்கே ஆராயப்படும் நிகழ்வில் முதன்மைக் காரணம் புறப்பட்ட தேதி. 1856-ஆம் ஆண்டின் நான்காம் கைவண்டிக் குழு அயோவாவிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு நடந்த பயணம் இது. மார்மன் திருச்சபைத் தலைவர் பிரிகாம் யங் தவிர மற்றவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். யார் எந்தப் பொறுப்பிலிருந்து எதை முடிவு செய்தார் என்பதைப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

பின்னணி

1847 ஜூலையில், அமெரிக்காவில் தோன்றிய மதப் பிரிவான மார்மன் திருச்சபையின் முதல் குடியேறிகள் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இறங்கியபோது அந்த நிலம் மெக்சிகோவின் கணக்கில் இருந்தது. மறு ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்காவுக்குக் கைமாறியது. இரண்டு அரசுகளுக்கும் முன்பிருந்தே யூட், ஷோஷோனி, கோஷூட் மக்கள் அங்கே வாழ்ந்துவந்தார்கள். அவர்களைக் கேட்டு எந்தக் கைமாற்றமும் நடக்கவில்லை. குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அவற்றில் அந்த மக்கள் பெரும்பாலும் வழியில் எதிர்ப்படும் ஆபத்தாக மட்டுமே வருகிறார்கள்.

புதிய ஊருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் மதம் மாறிய ஆலைத் தொழிலாளர்களும் ஏழைக் குடும்பங்களும் வரக் காத்திருந்தார்கள். அவர்களுக்காக 1849-ல் ஒரு நிரந்தரக் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. பயணச் செலவை நிதி கடனாகக் கொடுக்கும். வந்து சேர்ந்தவர்கள் உழைத்து அடைக்க வேண்டும். 1855-ல் வெட்டுக்கிளியும் வறட்சியும் சால்ட் லேக் பள்ளத்தாக்கு அடங்கிய யூட்டாவின் பயிரை அழித்தன, நிதி வற்றியது. காளை மாடுகளும் பெரிய வண்டிகளும் வாங்கப் பணமில்லை. அப்போது பிரிகாம் யங் முன்வைத்த திட்டம்தான் கைவண்டி. குடும்பமே தன் வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கட்டும், நாளுக்கு 15 மைல் போகலாம், பழகிவிட்டால் இன்னும் கூடும் என்று அவர் எழுதினார்.

திட்டத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1856-ன் முதல் மூன்று குழுக்கள் ஜூன் மாதத்தில் அயோவா சிட்டியிலிருந்து கிளம்பி, செப்டம்பர் 26-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் சால்ட் லேக் சிட்டி போய்ச் சேர்ந்தன. அவற்றில் முதல் இரண்டு குழுக்களை நகரம் மேளதாளத்துடன் வரவேற்றது.

அயோவா சிட்டியில் கழிந்த நாட்கள்

நான்காம் குழுவினர் மே 4 அன்று லிவர்பூலில் கப்பலேறினார்கள். 760-க்கு மேற்பட்ட பயணிகள் இருந்த அந்தக் கப்பல் ஜூன் 14 அன்று நியூயார்க் சேர்ந்தது. அங்கிருந்து ரயிலில் அயோவா சிட்டி வந்தபோது ஜூன் 26. ரயில் பாதை அந்த ஊரோடு முடிந்துவிட்டது. ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர்களோடு ஆங்கிலம் அறியாத டேனியர்களும் கணிசமாக இருந்தார்கள். பம்பாயில் பிறந்த ஒரு பெண்ணும் இந்தக் குழுவில் நடந்தார். அறுபது, எழுபது வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கணவன் துணையில்லாத பெண்கள் என்று வண்டி இழுக்க வலுவில்லாதவர்களின் பங்கு அதிகம்.

வந்தவர்களுக்கு வண்டிகள் தயாராக இல்லை, கூடாரங்களும் இல்லை. இத்தனை பேர் இத்தனை தாமதமாக வருவார்கள் என்று அங்கிருந்த முகவர்கள் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் கூடாரத் துணி தைத்தார்கள். ஆண்கள் தச்சர்களுக்குக் கைகொடுத்தார்கள். ஜூலை 15 அன்றுதான் 500 பேர், 120 கைவண்டிகள், ஒரு சில மாட்டு வண்டிகளோடு குழு நகர்ந்தது. ஏறத்தாழ மூன்று வாரம் போயிற்று. இந்த மூன்று வாரத்தைப் பயண அட்டவணையிலிருந்து யாரும் கழிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வண்டியின் நிலை

அந்தக் கைவண்டியைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரம், முன்னால் நீண்ட இரு கைப்பிடிகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை. உள்ளே நின்று கட்டையை மார்பால் தள்ளிக்கொண்டே இழுக்க வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், நூறு பேருக்கு மாடு பூட்டிய ஒரு பெரிய வண்டி. தலைக்கு 17 ராத்தல் சாமான் அனுமதி. எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. படுக்கை, போர்வை, மாற்றுத்துணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அவசரத்தில் செய்த வண்டிகளுக்குப் பச்சை மரத்தையே பயன்படுத்தியிருந்தார்கள். ஆறப்போடாத மரம் சமவெளியின் வறண்ட காற்றில் சுருங்கும். ஆரக்கால் ஆடும், வட்டை விலகும். அச்சும் மரம், குடமும் மரம். இரண்டுக்கும் நடுவே மணல் புகுந்தால் அரத்தால் ராவுவதுபோல் அச்சைத் தின்றுவிடும். போட வண்டி மை இல்லை. இறைச்சிப் பங்கீட்டில் கிடைத்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். பூட்ஸ் தோலை அறுத்தும் சமையல் தகரத்தை வெட்டியும் அச்சுக்குச் சுற்றினார்கள். ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் வரிசையும் நிற்கும். 15 மைல் என்ற கணக்கு காய்ந்த மரத்துக்குப் போட்ட கணக்கு.

ஃபுளோரன்ஸ் கூட்டம்

ஆகஸ்ட் 11 அன்று மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள ஃபுளோரன்ஸை அடைந்தார்கள். குடியிருப்புகள் உள்ள கடைசி இடம் அது. அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி 1,030 மைல். போவதா, குளிர்காலம் முடியும்வரை தங்குவதா என்று தீர்மானிக்க 13-ஆம் தேதி கூட்டம் கூடியது.

குழுவில் இந்தப் பாதையை முன்பே கடந்தவர்கள் நான்கு பேர் மட்டும். மூவர் போகலாம் என்றார்கள். நான்காமவர் நூறு பேருக்குப் பொறுப்பான துணைத் தலைவர். மதப்பணிக்காகக் கல்கத்தா வழியாகப் பர்மா சென்று சுமார் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். முதியோரும் பெண்களும் குழந்தைகளும் இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு இப்போது கிளம்பினால் முழங்காலளவு பனியில் நடக்க நேரும், பலர் இறப்பார்கள் என்று அவர் எழுந்து சொன்னார்.

குழுத் தலைவர் கொடுத்த பதிலில் வானிலை இல்லை. தான் வணங்கும் கடவுள் முற்றுமுடியக் காக்க வல்லவர் என்றார். பைபிளில் யோபுவுக்கு வாய்த்தது போன்ற தேற்றரவாளர்கள், அதாவது ஆறுதல் சொல்ல வந்து மனத்தை நோகடிப்பவர்கள், தனக்கு வேண்டாம் என்றும் சொன்னார். வழியில் விழும் பனியை எல்லாம் தானே தின்று தீர்ப்பதாக ஒரு பிரமுகர் வேடிக்கையாகச் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. பெரும்பான்மை கை தூக்கியது. எதிர்த்தவர், நீங்கள் போவதானால் நானும் வருவேன், உங்களோடு உழைப்பேன், தேவையானால் உங்களோடு சாவேன் என்று சொல்லி உட்கார்ந்தார்.

போகச் சொன்னவர்களுக்கும் காரணம் இருந்தது. இதே ஃபுளோரன்ஸ் நிலத்தில்தான் 1846–47 குளிர்காலத்தில் மார்மன்கள் தங்கி, நோயிலும் பட்டினியிலும் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்திருந்தார்கள். நானூறு பேருக்கு வீடு, விறகு, வேலை எதுவும் அங்கே தயாராக இல்லை. தங்குவதும் உயிர்ச் செலவுள்ள முடிவுதான். ஆனால் இரண்டு செலவுகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டம் ஒப்பிடவே இல்லை. எதிர்த்தவரின் கருத்து நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு கணக்குப் பேச இடமில்லாமல் போனது.

அந்தக் கணக்கு கடினமானதும் அல்ல. 1,030 மைலை நாளுக்கு 15 மைல் என்று நடந்தால் 69 நாள். ஆகஸ்ட் 17-லிருந்து எண்ணினால் அக்டோபர் 25. அதாவது ஒரு வண்டியும் உடையாமல், ஒரு நாளும் ஓய்வெடுக்காமல் போனாலும், 7,400 அடி உயரமுள்ள சவுத் பாஸ் கணவாயை அக்டோபரில்தான் தாண்ட முடியும். ஜூலை 4-க்குள் இண்டிபெண்டன்ஸ் பாறைக்கு வந்துவிட வேண்டும் என்பது அந்தப் பாதையில் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் கெடு; பாறைக்குச் சுதந்திர தினப் பெயரோ அதற்கு முன்பே, ஜூலை 4-ஐ அங்கே கொண்டாடிய தோல் வணிகர்களால் வந்தது. இந்தக் குழு அங்கே போய்ச் சேர்ந்தது அக்டோபர் நடுவில். தாமதமாகப் போய்ச் சியரா நெவாடாப் பனியில் சிக்கிய 1846-ஆம் ஆண்டுக் கூட்டத்தின் கதையும் அப்போது ஊரறிந்தது.

சுமார் நூறு பேர் பின்தங்கினார்கள். மீதி 400 பேர் ஆகஸ்ட் 17 வாக்கில் கிளம்பினார்கள். வண்டிக்கு ஒன்றாக 98 ராத்தல் மாவு மூட்டையும் ஏற்றப்பட்டது.

சமவெளியில்

முதல் இரண்டு வாரம் குழு ஓரளவு சீராகவே நடந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு கால்நடைகள் மிரண்டு ஓடின. முப்பது மாடுகளுக்கு மேல் திரும்பக் கிடைக்கவில்லை. தேடலிலேயே சில நாட்கள் போயின. பிறகு கறவைப் பசுக்களையும் இறைச்சிக்கு வைத்திருந்தவற்றையும் நுகத்தில் பூட்டினார்கள். அவை பழகாத மாடுகள், பாரம் இழுக்கவில்லை. எனவே பெரிய வண்டிகளில் இருந்த மாவு மூட்டைகள் மறுபடி கைவண்டிகளுக்கு ஏறின. உணவும் குறைந்தது, பாரமும் கூடியது, வேகமும் போயிற்று; எல்லாம் ஒரே இரவின் விளைவு.

அதே நாட்களில் சேயென் பழங்குடி வீரர்களுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் பிளாட் ஆற்றுப் பகுதியில் மோதல் நடந்துகொண்டிருந்தது. தாக்கப்பட்ட ஒரு சரக்கு வண்டித் தொடரின் மிச்சங்களைக் குழு வழியில் கண்டது. கைவண்டிக்காரர்களை யாரும் தாக்கவில்லை.

செப்டம்பர் 12 வாக்கில் இலகு வண்டிகளில் வந்த ஒரு சிறு கூட்டம் அவர்களைக் கடந்து சென்றது. திருச்சபையின் ஐரோப்பிய மதப்பணித் தலைவர் அதில் இருந்தார். இத்தனை பேரையும் லிவர்பூலிலிருந்து அனுப்பிவைத்தவர் அவர். ஃபுளோரன்ஸில் எதிர்த்துப் பேசிய துணைத் தலைவரை அவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். முன்னே போய் உணவு அனுப்பிவைப்பதாக உறுதியளித்துவிட்டுக் கிளம்பினார்.

லாரமிக்குப் பிறகு

செப்டம்பர் இறுதியில் லாரமி கோட்டையை அடைந்தார்கள். மாவு காத்திருக்கும் என்று நம்பி வந்த இடத்தில் மாவு இல்லை. சில பீப்பாய் கடின ரொட்டி மட்டும் வாங்க முடிந்தது. சவுத் பாஸ் வரை எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற செய்தி மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது.

இங்கே தலைவர் எடுத்த முடிவு: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தலாக (450 கிராம்) இருந்த மாவை முக்கால் ராத்தலாகக் குறைப்பது. கூடவே நடை வேகத்தைக் கூட்டுவது. கையிருப்பு அவ்வளவுதான் என்றால் வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால் வேகத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு உணவைக் குறைத்தால் உடம்பு எதிலிருந்து எடுத்துக் கொடுக்கும்? சில நாட்களில் பங்கீடு இன்னும் சுருங்கியது. உழைக்கும் ஆண்களுக்கு முக்கால் ராத்தல், பெண்களுக்கும் முதியோருக்கும் அரை ராத்தலுக்குச் சற்று அதிகம், குழந்தைகளுக்கு அதிலும் குறைவு. வண்டி இழுப்பதில் பெண்கள் பாதிப் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்த நேரம் அது.

முதலில் முதியவர்கள் இறந்தார்கள். பிறகு பாரம் இழுத்துக்கொண்டிருந்த குடும்பத் தலைவர்கள், தங்கள் பங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்கள், இறக்கத் தொடங்கினார்கள். காலையில் வண்டி இழுத்தவர் மாலையில் புதைக்கப்பட்டதை உடன் சென்றவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 19 முதல் 23 வரை

அக்டோபர் 19 அன்று கடைசி மாவு பங்கிடப்பட்டது. நகரத்துக்கு இன்னும் 250 மைலுக்கு மேல் இருந்தது. அன்றே முதல் பனிப்புயலும் தாக்கியது. புயலுக்குள் எதிரே ஒரு சிறு வண்டி வந்தது: நகரத்திலிருந்து புறப்பட்ட மீட்பு வண்டிகள் ஓரிரு நாள் தொலைவில் வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லிவிட்டு, பின்னால் வரும் ஐந்தாம் குழுவைத் தேடி அது போய்விட்டது. மறுநாள் காலை ஓரடிப் பனி கிடந்தது. இரவில் இறந்த ஐந்து பேரைப் புதைத்துவிட்டு ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரையிலேயே முகாமிட்டார்கள்.

மீட்பு வண்டிகள் வரவில்லை. புயலுக்கு அஞ்சி அவை ஒரு மரத்தோப்பில் ஒதுங்கியிருந்தன. குழுத் தலைவரும் இன்னொருவரும் சவாரி செய்து தேடிப் போய், அன்று மாலை அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஃபுளோரன்ஸில் அவர் எடுத்த முடிவைக் குறை சொல்கிறவர்கள் இதையும் அவர் கணக்கில் எழுத வேண்டும். 21-ஆம் தேதி உணவு வந்து சேர்ந்தது.

ஆனால் மிக மோசமான நாள் உணவு வந்த பிறகே வந்தது. வந்த வண்டிகளில் பெரும்பகுதி ஐந்தாம் குழுவைத் தேடிக் கிழக்கே போக வேண்டியிருந்தது. மீதி வண்டிகளில் எல்லோரையும் ஏற்ற இடமில்லை. அக்டோபர் 23 அன்று ராக்கி ரிட்ஜ் என்ற பாறை மேட்டைப் பனிக்காற்றுக்கு எதிராக ஏறினார்கள். கடைசி ஆட்கள் முகாமுக்கு வந்தபோது மறுநாள் விடியப்போகும் நேரம். ராக் கிரீக் ஓரம் 13 பேரை ஒரே குழியில் வைத்தார்கள். பிறகு இன்னும் இருவர் இறந்தார்கள்.

நகரத்தில் எடுத்த முடிவு

இந்த நிகழ்வில் தாமதமில்லாமல் எடுக்கப்பட்ட முடிவு இது ஒன்றுதான். இந்த ஆண்டு இனி யாரும் வரமாட்டார்கள் என்றே சால்ட் லேக் சிட்டி நினைத்திருந்தது. இலகு வண்டிகளில் முந்திச் சென்றவர்கள் அக்டோபர் 4 மாலை வந்து, ஆயிரம் பேருக்கு மேல் இன்னும் பாதையில் இருக்கிறார்கள் என்றார்கள். மறுநாள் ஞாயிறு. பிரசங்கத்துக்குப் பதிலாகப் பிரிகாம் யங் மாவும் கோவேறு கழுதைகளும் வண்டியோட்டிகளும் கேட்டார். கூட்டத்திலேயே பெண்கள் காலுறைகளையும் உள்பாவாடைகளையும் கழற்றிக் கொடுத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். 7-ஆம் தேதி முதல் வண்டிகள் கிளம்பிவிட்டன. மாத முடிவுக்குள் சுமார் 250 வண்டிகள் பாதையில் இருந்தன.

எல்லாரும் உறுதியாக நிற்கவில்லை. குழுக்கள் எங்கோ தங்கியிருக்கும், அல்லது இறந்திருக்கும் என்று முடிவுகட்டிச் சில மீட்பு வண்டிகள் திரும்பிவிட்டன. சவுத் பாஸ் அருகே உணவுடன் நிறுத்தப்பட்ட ஒருவர் மட்டும், திரும்பியவர்கள் அழைத்தும் போகாமல் வாரக்கணக்கில் பனியில் காத்திருந்தார்.

விளைவு

நான்காம் குழு நவம்பர் 9 அன்று நகரத்தை அடைந்தது. சுமார் 70 பேர் வழியில் இறந்திருந்தார்கள். உயிரோடு வந்தவர்களில் பலருக்கு விரல்களும் பாதங்களும் பனியில் போயின. எதிர்த்துப் பேசிய துணைத் தலைவர் உயிரோடு வந்தார். வழியெல்லாம் பலவீனமானவர்களைத் தூக்கிச் சுமந்தவர் என்று உடன் நடந்தவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

பின்னால் வந்த ஐந்தாம் குழுவுக்கு இன்னும் கடுமையான முடிவு. 576 பேரில் இறந்தவர்கள் 135 முதல் 150 வரை என்று கணக்கிடப்படுகிறது. அவர்கள் நவம்பர் 30 அன்று வந்தார்கள். வண்டிப் பாரத்தைக் குறைப்பதற்காக அக்டோபர் 17 அன்று சாமான் வரம்பை 17 ராத்தலிலிருந்து 10 ஆக்கி, மிஞ்சிய போர்வைகளையும் துணிகளையும் தீயிட்டிருந்தார்கள். இரண்டு நாளில் பனி வந்தது.

தாமதமாக அனுப்பியவர்களைப் பிரிகாம் யங் வெளிப்படையாகக் கண்டித்தார். திட்டத்தை வகுத்தவருக்கும் பங்கு உண்டா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஓயவில்லை. என் பார்வையில், இறுதிக் கெடு ஒன்றை எழுதி வைக்காமல் இப்படியொரு திட்டத்தை இரண்டு கண்டங்களுக்கு இடையில் ஓடவிட்டவர் முற்றிலும் தப்பிக்க முடியாது. ஆனால் ஆகஸ்ட் 13 அன்று ஃபுளோரன்ஸில் இருந்தவர்களிடம் அவரைவிட அதிகத் தகவல் இருந்தது.

எவை மாறியிருக்க வேண்டும்

முதலாவது, கெடு தேதி. இன்ன நாளுக்குப் பிறகு மிசௌரியைத் தாண்டக் கூடாது என்று முன்பே விதியிருந்தால், களைத்துப்போன நானூறு பேரிடம் கை தூக்கச் சொல்லத் தேவையிருந்திருக்காது. பாதையைப் பார்த்திராதவர்களின் வாக்கு, பார்த்த மூவரின் சொல்லைத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

அடுத்து, குழுவைப் பிரிப்பது. கூட்டத்தின் முன் போவது, தங்குவது என்ற இரண்டு வழிகள்தான் இருந்தன. நடக்க வல்லவர்களை மட்டும் அனுப்பி, முதியோரையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஃபுளோரன்ஸில் நிறுத்தியிருந்தால் தங்குவோர் தொகை ஊர் தாங்கும் அளவுக்குக் குறைந்திருக்கும், போவோர் வேகமும் கூடியிருக்கும். நடுவழி ஒன்று இருந்தும் அதைக் கூட்டம் தீர்மானமாக எடுக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது செய்தி. ஐரோப்பியப் பணித் தலைவரின் இலகு வண்டிகள் ஃபுளோரன்ஸிலிருந்து நகரம் சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. ஆகஸ்ட் 17 அன்றே அப்படியொரு வண்டியை முன்னே அனுப்பியிருந்தால் செப்டம்பர் நடுவில் நகரத்துக்குத் தெரிந்திருக்கும். அக்டோபர் 7-ல் கிளம்பிய மீட்பு வண்டிகள் இரண்டு வாரமாவது முன்னதாகக் கிளம்பியிருக்கும். மாவு லாரமிக்கே வந்திருக்காவிட்டாலும் பனிக்கு முன் குழுவைச் சந்தித்திருக்கும். போவதென்ற தவறான முடிவையே வைத்துக்கொண்டாலும் இந்த ஒரு காரியம் பல உயிர்களைக் காத்திருக்கும்.

திட்டம் உடனே கைவிடப்படவில்லை. 1857 முதல் 1860 வரை இன்னும் ஐந்து கைவண்டிக் குழுக்கள் வந்தன; அவற்றில் இத்தகைய பேரிழப்பு நேரவில்லை. 1861-லிருந்து முறை தலைகீழாக்கப்பட்டது. வசந்தத்திலேயே சால்ட் லேக் சிட்டியிலிருந்து மாட்டு வண்டிகள் கிழக்கே கிளம்பி, திரும்பும் வழிக்கான மாவை இடையிடையே இறக்கி வைத்துக்கொண்டே போய், மிசௌரிக் கரையில் குடியேறிகளை ஏற்றிவந்தன. 1869-ல் ரயில் வந்ததும் அதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

1856-ல் நடந்தவர்களின் பயணக் கடன் நிதியின் கணக்கில் தொடர்ந்தது. திருச்சபையின் ஐம்பதாம் ஆண்டான 1880-ல் நிதியின் கடன்களில் பாதி ஏழைகளுக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. 1887-ல் அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு சட்டம் அந்த நிதியையே கலைத்தது.